கொடுமை, கொடூரம், குரூரம்: எதை எங்கே சொல்வது?

கேள்வி காரைக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவருடையது. கம்பன் விழாப் பேச்சுப் போட்டிக்கு எழுதிய உரையில், "கைகேயியின் குரூரம் தசரதனைக் கொன்றது" என்று ஒரு வரி வைத்திருக்கிறார். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "குரூரம் வேண்டாம் தம்பி, கொடுமைன்னு போடுங்க" என்றாராம். கூடப் படிப்பவர்களுக்கோ 'கொடூரம்' என்றால்தான் எடுப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது. "அகராதியில் ஒன்றுக்குப் பொருளாக இன்னொன்றைத்தானே போட்டிருக்கிறார்கள்? மூன்றும் ஒன்றுதானா? இல்லையென்றால் எது மிகக் கடுமையானது?" என்று கேட்கிறார்.

பெரியவர் சொன்னது சரி. ஆனால் கடுமையை வைத்து இந்தச் சொற்களை ஏணிப்படி போல் அடுக்க முடியாது. மூன்றும் மூன்று இடத்தில் நின்று பேசுகிற சொற்கள். கொடுமை என்பது பெரும்பாலும் படுகிறவர் பக்கம் நின்று சொல்வது. கொடூரம் செயலைப் பார்த்துச் சொல்வது. குரூரம் செய்தவருடைய மனத்துக்குள் புகுந்து சொல்வது. இந்த மூன்று இடமும் பிடிபட்டுவிட்டால் எதை எங்கே எழுதுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் கொடுமை. இது தமிழ் வேரில் முளைத்த சொல். 'கொடு' என்றால் வளைந்தது, கோணியது. வளைந்த வாள் கொடுவாள். தேளின் வளைந்த முனை கொடுக்கு. வில்லுக்குக் கொடுமரம் என்றொரு பெயர் உண்டு. சுருண்டு வளைந்த காய் என்பதால் கொடுக்காய்ப்புளி. நம் பக்கம் பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்பார்களே, அதுதான். அதையே கோணப்புளியங்காய் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. இரண்டு பெயரும் ஒரே வளைவைத்தான் சொல்கின்றன. சிங்கம்புணரிக்கு அருகில் இருக்கும் பிரான்மலைக்குத் தேவாரத்தில் திருக்கொடுங்குன்றம் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம். அங்கே உள்ள இறைவன் கொடுங்குன்றநாதர். அந்தப் பெயரில் இரக்கமின்மை எதுவும் இல்லை. மலையின் வடிவத்தையும் ஏறுவதற்கு அரிய அதன் செங்குத்தையும் பார்த்து வந்த பெயர். கொடுந்தமிழ் என்பதும் அப்படித்தான். செந்தமிழ் வழக்கிலிருந்து சற்றே விலகி வளைந்த வட்டாரத் தமிழ் என்று பொருள். அதைக் 'கொடிய தமிழ்' என்று மேடையில் யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம்.

வளைவு எப்படித் தீமை ஆயிற்று என்றால், நேர்மை எப்படி நன்மை ஆயிற்றோ அதே வழியில்தான். நேராக நிற்பது செம்மை. அதிலிருந்து கோணுவது கொடுமை. அரசன் கையில் இருக்கும் கோல் நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம். அடுத்த 56ஆம் அதிகாரமே கொடுங்கோன்மை. நடுவுநிலைமை அதிகாரத்தில் தராசுக்கோலை உவமை காட்டி, 'ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி' என்கிறார் வள்ளுவர். கோடாமை என்றால் ஒரு பக்கம் சாயாமை. கொடுக்கல் வாங்கலிலேயே வளர்ந்த ஊர்களுக்கு இந்தத் தராசை விளக்க வேண்டியதில்லை. வடமொழியிலும் இதே பார்வை உண்டு. 'வக்ர' என்றால் வளைந்தது. கிரகம் பின்னோக்கி நகர்வதை வக்கிர கதி என்கிறார்கள். கோணிய புத்தியை வக்கிரம் என்கிறோம்.

சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே வரியில் மோதுகிற இடம் ஒன்று உண்டு. பேச்சில் மேற்கோள் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். 279ஆம் குறள்:

கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன
வினைபடு பாலால் கொளல்.

அம்பு பார்க்க நேராக இருக்கிறது; ஆனால் செய்யும் வேலையால் அது கொடியது. யாழின் தண்டு வளைந்திருக்கிறது. செய்யும் வேலையால் அது செவ்வியது. நேரானதைக் 'கொடிது' என்றும், வளைந்ததைச் 'செவ்விது' என்றும் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறார். 'கொடு' என்றால் வளைவு என்பது காதில் ஒலித்தால்தான் இந்தக் குறளின் அழகு முழுதாகக் கிடைக்கும். கொடுமை என்பது வடிவத்தை விட்டுச் செயலுக்கு வந்துவிட்டது என்பதையும் இந்த ஒரு குறளே சொல்லிவிடுகிறது.

கம்பனும் இதே வளைவைப் பிடித்திருக்கிறான். மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் அவள் வரும் இடம்: 'இன்னல்செய் இராவணன் இழைத்த தீமைபோல், துன்னருங் கொடுமனக் கூனி தோன்றினாள்.' கூனி என்றால் உடல் வளைந்தவள். கொடுமனம் என்றால் வளைந்த மனம். இரண்டு வளைவையும் அடுத்தடுத்த சொல்லில் வைத்துவிட்டான். 'குரூர மனம்' என்று யாராவது அங்கே மாற்றிப் படித்தால் இந்தப் பொருத்தம் உதிர்ந்து போகும். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் பேசப் போகிறீர்கள். கேட்பவர்களில் பலருக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும்.

இனி, இன்றைய வழக்குக்கு வருவோம். கொடுமைக்குச் செய்கிறவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வெயில் கொடுமை, பசிக் கொடுமை, தாகக் கொடுமை என்கிறோம். யார் செய்தது? யாரும் இல்லை; படுகிறவர் இருக்கிறார், அது போதும். 'கொடிது கொடிது வறுமை கொடிது, அதனினும் கொடிது இளமையில் வறுமை' என்ற ஔவையின் வரியில் வரும் கொடிது எல்லாம் தாங்க முடியாமையைத்தான் சொல்கிறது. 'கொடுமை கொடுமைன்னு கோயிலுக்குப் போனா, அங்கே ஒரு கொடுமை தலைவிரிச்சு ஆடுச்சாம்' என்ற பழமொழியிலும் அதே பொருள். இந்த இடங்களில் கொடூரத்தையோ குரூரத்தையோ வைத்துப் பாருங்கள். 'பசிக் கொடூரம்' என்று யாரும் சொல்வதில்லை. 'வறுமை குரூரமானது' என்று எழுதினால் வறுமைக்கு ஒரு மனமும் அதில் ஒரு கெட்ட மகிழ்ச்சியும் இருப்பதாக ஆகிவிடும். கவிதையில் ஒருவேளை அது வேண்டியிருக்கலாம், கட்டுரையில் வேண்டாம்.

கொடுமைக்கு இன்னொரு குணம், அது நீடிக்கும். மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை, தீண்டாமைக் கொடுமை எல்லாமே நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நடப்பவை. 551ஆம் குறளில், கொலைத் தொழிலை மேற்கொண்டவரைவிடக் குடிகளை அலைத்து அல்லவை செய்யும் வேந்து கொடிது என்று வள்ளுவர் சொல்கிறார். கொலையைவிட அது எப்படிக் கொடிதாகும்? உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார்: கொலைஞர் செய்வது ஒருபொழுதைத் துன்பம், இவன் செய்வது எப்பொழுதும் துன்பம். ரத்தம் சிந்தாமல் கூட ஒரு கொடுமை கொலையை மிஞ்ச முடியும் என்பது அந்த உரையில் இருக்கிறது. கொடூரம் என்ற சொல்லால் இதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் கொடூரத்துக்குக் கண்ணில் படும் ஒரு செயல் வேண்டும்.

இலக்கணத்தை வைத்தும் இந்த வேறுபாட்டைச் சோதிக்கலாம். 'கொடுமைப்படுத்தினார்கள்', 'கொடுமைக்கு ஆளானாள்', 'கொடுமை இழைத்தனர்', 'கொடுமையை அனுபவித்தார்' என்று எல்லாம் வரும். 'கொடூரப்படுத்தினார்கள்' என்று வராது. 'கொடூரத்தை அனுபவித்தார்' என்றால் காதில் உரசும். கொடூரம் வேறு வேலைக்கு ஏற்றது: 'கொடூரமாகத் தாக்கினர்', 'கொடூரமான தாக்குதல்'. அதாவது, வினை எப்படி நடந்தது என்பதற்கு அடைமொழியாக வரும்போதுதான் அது பொருந்தி உட்காரும். கொடுமை தனித்து நிற்கும் பெயர். கொடூரம் பெரும்பாலும் இன்னொரு சொல்லைச் சார்ந்து நிற்கும்.

புணர்ச்சியில் நடக்கும் பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொடுமையில் 'மை' போய், வருகிற வல்லினத்துக்கு இனமான மெல்லெழுத்து தோன்றும்: கொடுங்கோல், கொடுஞ்செயல், கொடுந்துயர், கொடும்பாவி. 'கொடுஞ்கோல்', 'கொடும்செயல்' என்று எழுதுவது தவறு. கொடூரத்தில் 'ம்' கெட்டு வல்லினம் மிகும்: கொடூரக் கொலை, கொடூரச் செயல், கொடூரத் தாக்குதல். சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியின் ஓடும் வரிகளிலும் 'கொடூர கொலை' என்று ஒற்று இல்லாமல் வருவதைப் பார்த்துப் பழகி நாமும் அப்படியே எழுதிவிடுகிறோம். நெடிலும் முக்கியம். 'கொடுரம்', 'குருரம்' இரண்டும் பிழை.

கொடும்பாவி என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் வானம் பார்த்த ஊர்களில் வைக்கோலாலோ களிமண்ணாலோ ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்து, கடைசியில் எரிக்கும் வழக்கம் இருந்தது. ஊரில் யாரோ செய்த பெரும்பாவத்தால்தான் மழை நின்றது, அந்தப் பாவி செத்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. அந்த உருவத்தின் பெயர் கொடும்பாவி. இன்றைக்கு அரசியல்வாதியின் உருவத்தைக் கொளுத்துவதைக் 'கொடும்பாவி எரிப்பு' என்று செய்தித்தாளில் போடுவது அந்தச் சடங்கிலிருந்து வந்ததுதான். சொல் அப்படியே இருக்க, மழை மட்டும் அதிலிருந்து விலகிவிட்டது.

இனி கொடூரம். பார்க்கக் கொடுமையின் தம்பி போல இருக்கும். பிறந்த வீடு வேறு. வடமொழியில் 'கடோர' என்றால் கெட்டியானது, கடினமானது, முரடானது. அது தமிழில் கடோரம், கடூரம் என்று வந்தது. அந்த வழியில் வந்ததே கொடூரம் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கொடு, கொடிது, கொடுமை என்று ஏற்கெனவே இங்கே ஒரு குடும்பம் இருந்ததால், விருந்தாளியும் அந்தச் சாயலையே பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். கடினம் என்ற பழைய பொருள் இன்னும் உள்ளே இருப்பதால்தான், கொடூரம் என்றதும் முரட்டு அடி, ஆயுதம், சிதைவு என்று மனம் போகிறது.

இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு 'கர்ண கொடூரம்'. கேட்கச் சகிக்காத பாட்டைக் 'கர்ண கடூரம்' என்பார்கள். கர்ணம் என்றால் காது. காதுக்குக் கடுமையானது, அவ்வளவுதான். கடூரம் வழக்கொழிந்துவிட்டதால் நாக்கு பழகிய கொடூரம் அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. பிறகு, கர்ணன் என்ற பாரதப் பாத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஒரு கதையும் கிளம்பியது. அடுத்த படியாக, 'கர்ண கொடூரமான கொலை' என்று எழுதுகிறார்கள். காதுக்கு இனிமையில்லாத கொலை என்று ஆகிறது! 'கர்ண பரம்பரைக் கதை' என்பதில் வரும் கர்ணமும் காதுதான்: செவிவழியாக வந்த கதை. ஆகவே ஒலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், அதுவும் 'கர்ண கடூரம்' என்று, எழுதுங்கள். திருவிழாவில் அளவு மீறி அலறும் ஒலிபெருக்கிக்கு அது சரியாகப் பொருந்தும்.

கொடூரத்தைப் பற்றி என் அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. செய்தியில் இந்தச் சொல்லைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். 'கொடூரமாக வெட்டிக் கொலை' என்ற தலைப்பில் கொடூரம் எதையும் கூட்டவில்லை. வெட்டு, கொலை என்ற இரண்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன. எல்லாக் கொலைக்கும் இந்த அடைமொழியைப் போட்டால், உண்மையிலேயே வேறு சொல்லே கிடைக்காத ஒரு நாளில் வாசகருடைய காது அதைத் தாண்டிப் போய்விடும். தேய்ந்த சொல்லுக்கு எடை இருக்காது. இறந்தவருடைய வீட்டாரும் அந்தத் தலைப்பைப் படிப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். கொடுமைக்கு இந்தத் தேய்வு ஏற்கெனவே வந்துவிட்டது. பேருந்து தாமதம், படம் நன்றாயில்லை, காபியில் சர்க்கரை குறைவு எல்லாமே இன்று 'ஒரே கொடுமை'. பேச்சில் அது போகட்டும். எழுத்தில் கொடுமையைக் கொடுமைக்காக வைத்துக்கொள்வோம்.

குரூரம் வடமொழி 'க்ரூர'. அதன் அடிப்பொருள் பச்சை ரத்தம், பச்சை மாமிசம் சார்ந்தது. புண்பட்டது, ரத்தக்கறை படிந்தது என்ற பொருள்களும் அதற்கு உண்டு. அதனால் குரூரம் என்பதில் ஒரு பசியும் சேர்ந்தே இருக்கிறது. பிறர் துடிப்பதைப் பார்த்து நிறைவு கொள்ளும் மனம்தான் குரூரம். 'குரூரப் புன்னகை' என்று எழுத முடிகிறது, பாருங்கள். 'கொடுமைப் புன்னகை' என்று எழுத முடியாது. 'குரூர எண்ணம்', 'குரூரப் பார்வை', 'குரூரத் திருப்தி' எல்லாம் மனத்தின் சாயல்களே. கையால் ஒரு துரும்பையும் அசைக்காமல் ஒருவர் குரூரமாக இருக்க முடியும். நினைவில் நிறுத்த ஒரு பெயர் உதவும்: கண்ணனை மதுரா நகருக்கு அழைத்துப் போக வந்த அக்ரூரர். அ + க்ரூர, குரூரம் இல்லாதவர். கண்ணனைப் பிரித்துக் கொண்டுபோகிறவருக்கா இந்தப் பெயர் என்று கோபியர் நொந்துகொள்வதாகப் பாகவதத்தில் வருகிறது. சோதிடத்தில் குரூர கிரகம் என்பதும் இதே சொல்தான். அங்கே அது ஒரு கலைச்சொல், கிரகத்தின் மேல் யாரும் வன்மம் சாட்டவில்லை.

ஆகவே ஒருவரைக் குரூரமானவர் என்று சொல்வது மூன்றிலும் பெரிய குற்றச்சாட்டு. செயலைச் சாட்சி பார்க்க முடியும், வலியைப் படுகிறவர் சொல்ல முடியும், மனத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

இப்போது கைகேயி. அவள் மனம் பிறர் வலியில் இன்பம் கண்டதா? கம்பன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மந்தரையின் பேச்சுக்குப் பிறகு 'தேவி தூய சிந்தையும் திரிந்தது' என்கிறான். தூய சிந்தை, அது திரிந்தது. பால் திரிவது போல. குரூரம் என்றால் முன்பிருந்தே உள்ளே ஊறிக் கிடந்தது என்று ஆகும்; கம்பன் கட்டியிருக்கும் பாத்திரத்துக்கு அது பொருந்தாது. ஆனால் அவளை மென்மையாகவும் விட்டுவிடவில்லை. இரண்டு வரத்தையும் அவள் கேட்டு முடித்த இடத்தில் 'தீயவை யாவினும் சிறந்த தீயாள்' என்கிறான். அந்தத் தீயாள் கேட்டதைத் தசரதன் பக்கம் நின்று பார்த்தால் அது கொடுமை. மகனைப் பிரிந்து உயிர் போகும் வரை நீண்ட கொடுமை. கொடூரமும் அங்கே பொருந்தாது. அடி இல்லை, ஆயுதம் இல்லை, இரண்டு வாக்கியங்கள் மட்டுமே. உங்கள் வரியை, 'கைகேயி கேட்ட வரத்தின் கொடுமை தசரதனைக் கொன்றது' என்று மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். கூனியைப் பற்றிப் பேசும் இடத்தில் 'கொடுமனம்' என்று கம்பன் சொல்லையே வையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோரம் என்பது பார்க்க அஞ்சத்தக்கது. அதனால்தான் 'கோர விபத்து' சரி. விபத்தில் யாருடைய கொடூரமும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. வடமொழியில் அகோரம் என்றால் கோரம் அல்லாதது, சாந்தமானது. சிவனுடைய ஐந்து முகங்களில் ஒன்றின் பெயர். தமிழ்ப் பேச்சில் அது தலைகீழாகி 'அகோரப் பசி', 'வெயில் அகோரமா அடிக்குது' என்று மிகுதிக்கும் பயங்கரத்துக்கும் வந்துவிட்டது. இதைத் தவறு என்று திருத்தப் போக வேண்டாம், மக்கள் வழக்கு நிலைத்துவிட்டது. அராஜகம் என்றால் அரசன் இல்லாத நிலை, சட்டம் ஒழுங்கு குலைவு. அதைத் தனி ஒருவர் செய்த வதைக்குச் சொல்ல வேண்டாம். சித்திரவதையில் வரும் சித்திரம் ஓவியம் அல்ல, பலவிதம் என்று பொருள். ஒரேயடியாகக் கொல்லாமல் பலவிதமாக வதைத்துத் தரும் தண்டனை அது. ஆகவே நேரம் எடுத்து, படிப்படியாக, வேண்டுமென்றே தரும் வலிக்கு மட்டும் அது சரி. 'சித்தரவதை' என்று எழுதாதீர்கள்.

திட்டுவதற்கு நாம் எடுக்கும் சொற்களில் ஒன்றை மட்டும் கட்டாயம் விட வேண்டும். 'சண்டாளப் பாவி' என்று பழைய தலைமுறையில் ஆச்சிமார் முதல் கடைத்தெரு வரை கூசாமல் சொல்வார்கள். சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் இருக்கும் ஒரு சாதிப் பெயர். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை இரக்கமின்மைக்குப் பெயராக வைத்திருப்பதே ஒரு கொடுமை. 'படுபாவி' என்றோ 'ஈவிரக்கம் இல்லாதவன்' என்றோ சொன்னால் கோபம் ஒன்றும் குறைந்துவிடாது. 'மிருகத்தனம்', 'காட்டுமிராண்டித்தனம்' என்பவற்றையும் நான் தவிர்ப்பேன். மிருகம் பசிக்குக் கொல்கிறது. காட்டில் வாழ்கிறவர் யாரையும் வரதட்சணை கேட்டு எரிப்பதில்லை.

கடைசியாகச் சட்டத் தமிழ். இங்கே சொல் மாறினால் வழக்கே மாறும் என்பதால் நிதானம் வேண்டும். மனைவிக்குக் கணவரோ அவருடைய உறவினரோ செய்யும் கொடுமைக்கு, 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85, 86ஆம் பிரிவுகள். தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். கொடுமை என்றால் என்ன என்பதை 86ஆம் பிரிவு வரையறுக்கிறது: தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது உயிர், உடல், மனநலம் ஆகியவற்றுக்குப் பெருங்கேடு தரக்கூடிய, வேண்டுமென்றே செய்யும் நடத்தை, அல்லது சட்டத்துக்குப் புறம்பாகப் பணமோ பொருளோ கேட்டு நெருக்கும் தொல்லை. ஆகவே மகளிர் காவல் நிலையத்துக்கு எழுதும் மனுவில் 'கொடூரமாக, குரூரமாக நடத்தினார்கள்' என்று அடுக்குவதால் பயன் இல்லை. எந்த நாள், எந்த வீட்டில், யார், என்ன கேட்டார், என்ன சொன்னார், எங்கே அடித்தார், எந்த மருத்துவமனையில் பார்த்தது என்பதை வரிசையாக எழுதுங்கள். சீர் பற்றிய பேச்சு என்றால் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், எந்தச் சாமான் என்று எண்ணோடு எழுதுங்கள். கொடுமை என்ற சொல்லை ஒருமுறை போட்டால் போதும், மீதியை அந்த விவரங்களே சொல்லும். இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்குக் கொடுமை ஒரு காரணமாகச் சேர்ந்தது 1976இல். அங்கே மனக்கொடுமையும் கணக்கில் வரும்.

வன்கொடுமை என்பது 'மிகப் பெரிய கொடுமை' என்பதற்கான பொதுச்சொல் போலத் தோன்றும். சட்டத்தில் அதற்குக் குறிப்பான பொருள் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பட்டியலிடும் செயல்களே வன்கொடுமை. அவற்றைப் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர், அந்த மக்களுக்கு எதிராகச் செய்திருக்க வேண்டும். விசாரிப்பவர் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். பொது ஊருணியில் தண்ணீர் எடுக்க விடாமல் மறிப்பதில் கண்ணுக்குத் தெரியும் கொடூரம் எதுவும் இல்லை; ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் அது அந்தப் பட்டியலில் இருக்கும் வன்கொடுமை. மறுபக்கம், எவ்வளவு கொடூரமான கொலையானாலும் இந்த நிபந்தனைகள் பொருந்தாவிட்டால் இந்தச் சட்டம் வராது. பாலியல் வன்கொடுமை என்பது வேறு வழக்கு, 'கற்பழிப்பு' என்ற சொல்லை விலக்குவதற்காக நிலைபெற்றது. அழிந்தது பாதிக்கப்பட்டவருடைய கற்பு என்று பழைய சொல் பழியை இடம் மாற்றியது. புதிய சொல் குற்றத்தைச் செய்தவர் மேல் வைக்கிறது. அந்த மாற்றத்தை யாரும் பின்னோக்கித் திருப்ப வேண்டாம்.

விலங்குகளுக்கு நாம் வைத்திருக்கும் சொல் வதை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் என்கிறோம். வதை, வதம் இரண்டும் கொலையைக் குறிக்கும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. கம்சவதம் என்றால் கம்சனைக் கொன்றது. அந்தக் கொலை வாடை இன்னும் போகவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கும் ஒருவரிடம் 'காளை வதை' என்றால் அவர் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொல்கிறாய் என்று சொன்னதாகவே அவர் காதில் விழுகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்து, 2017இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, 2023இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாகும் வரை நடந்த வாதங்களில், வதை எது, விளையாட்டு எது என்ற கேள்விதான் நடுவில் இருந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், வாலை முறுக்குவது, கண்ணில் பொடி தூவுவது, கூர்முனையால் குத்துவது என்று செயலைப் பெயர் சொல்லி எழுதினால் வாதம் தெளிவாக இருக்கும்.

உங்கள் உரைக்கே திரும்பினால், பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, இந்த மூன்று சொற்களும் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே நான் பார்ப்பது படுகிறவரையா, செயலையா, மனத்தையா? தசரதன் என்றால் கொடுமை. சடாயுவின் சிறகை இராவணன் வெட்டும் இடம் என்றால் கொடூரம் என்று சொல்லலாம். குரூரம் என்று எழுதத் தோன்றினால், அந்த மனத்தைக் காட்டும் கம்பனின் வரி ஒன்றாவது உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.